பிளஸ் டூ-வில் முதலிடம்... பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலும் இடம்! விருதுநகரை அளந்த கணக்குகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் "திருவண்ணாமலைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால், யாரும் கிரிவலத்துக்கு வழி சொல்ல மாட்டார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி ஒரு குன்று இருக்கிறது. அதன்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். உள்ளூர்க்காரர்களுக்கு அதுதான் திருவண்ணாமலை, அதுதான் 'தென் திருப்பதி'. புரட்டாசி சனிக்கிழமைகளில் ராஜபாளையம், சிவகாசி பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து படியேறுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு குடும்பத்தைக் காட்டி, 'இவர்கள் வசதியானவர்களா, சிரமப்படுகிறவர்களா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சேலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோயிலுக்கு நல்ல சேலைதான் கட்டி வருவார்கள். கையிலிருக்கும் போனைப் பார்த்தும் சொல்ல முடியாது. அது தவணையில் வாங்கியதாக இருக்கலாம்.

ஆனால், அரசாங்கம் சொல்லியாக வேண்டும். யாருக்கு உதவித்தொகை, எந்த மாவட்டத்துக்குக் கூடுதல் கவனம், எந்த ஊருக்கு முதலில் தண்ணீர்க் குழாய் என்று முடிவெடுக்க, வாழ்க்கையை எண்ணாக்கித்தான் ஆகவேண்டும். கல்லூரிகளில் சமூக அறிவியல் படிப்பவர்கள் 'அளவுகோல்', 'குறியீட்டு எண்', 'மாதிரி' என்று சொல்வதெல்லாம் இந்த வேலையைத்தான். அது எவ்வளவு சிக்கலான வேலை என்பதற்கு, இந்தக் குன்று இருக்கும் விருதுநகர் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஒரே மாவட்டம், நான்கு தீர்ப்பு

2017-ம் ஆண்டின் தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு முதலிடம். இரண்டாம் இடம், சென்னையையும் காஞ்சிபுரத்தையும் தாண்டி, விருதுநகருக்கு! மதிப்பெண் 0.855. பதினோராம் வகுப்புப் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில்கூட இந்தப் பட்டியல் இருக்கிறது.

2018 ஜனவரியில் மத்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'பின்தங்கிய' என்ற சொல் மனம் நோகும் என்பதால், 'முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள்' என்று பெயர். நிதி ஆயோக் மேற்பார்வையில் இயங்கும் அந்தத் திட்டத்தின் 112 மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்கு இரண்டு. ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று, அதே விருதுநகர்.

அதே ஆண்டு மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தன. 97 சதவிகிதத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடம் விருதுநகர்.

டிசம்பரில் நிதி ஆயோக் இன்னொரு தரவரிசையை வெளியிட்டது. முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களில் மிக வேகமாக முன்னேறியது எது என்ற பட்டியல். அதில் நாட்டிலேயே முதலிடமும் விருதுநகருக்கே!

மாநிலத்தில் இரண்டாவது, நாட்டில் பின்தங்கியது, தேர்ச்சியில் முதல், வேகத்தில் முதல். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு மாவட்டம் இப்படித் தலைகீழாக மாறிவிடுமா? மாறவில்லை. ராஜபாளையத்தில் பஞ்சாலைகள் அதே ஷிஃப்டில்தான் ஓடின. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி அதே தறிகளில்தான் நெய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு.

மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் பார்க்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டத்தில் உற்பத்தி மதிப்பு அதிகம். அதை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு வரும் வருமானமும் அதிகமாகத் தெரியும். அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை வகுத்தல் கணக்கு சொல்லாது. நிதி ஆயோக் பட்டியலோ 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பையும் எடுத்துக்கொண்டது. சொந்த நிலமில்லாமல், உடலுழைப்புக் கூலியை மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை என்பது அதில் முக்கியமான கேள்வி. தொழிலும் நிறைய, கூலிக் குடும்பங்களும் நிறைய என்றால், ஒரே மாவட்டம் ஒரு பட்டியலில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் நிற்பதில் ஆச்சர்யமில்லை.

தவிர, மாவட்டம் என்பதே ஒரு சராசரி. மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக இருக்கும். கிழக்கே நரிக்குடி, திருச்சுழி பக்கம் போனால் வானம் பார்த்த பூமி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற ஊர் வரைபடத்தில் எங்குமே கிடையாது.

பின்கோடைக் கூட்ட முடியுமா?

எண் என்று எழுதிவிட்டாலே அதைக் கூட்டலாம், கழிக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். 1946-ல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், அளவுகளை நான்கு வகையாகப் பிரித்தார். சமூக ஆய்வு படிப்பவர்களுக்கு இன்றும் அதுதான் அரிச்சுவடி.

முதல் வகை, வெறும் பெயர். இரண்டு திருவண்ணாமலைகளுக்கும் பின்கோடு வேறு வேறு. அந்த எண்கள் இரண்டையும் பிரித்துக்காட்டத்தான். ஒரு பின்கோடு இன்னொன்றைவிடப் 'பெரியது' என்பதற்கு அர்த்தமில்லை. பஸ் ரூட் நம்பரும் அப்படித்தான்.

இரண்டாவது, வரிசை. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க். யார் முன்னே என்று தெரியும், எவ்வளவு முன்னே என்று தெரியாது. முதல் இரண்டு மாணவர்களுக்கு இடையே ஒரு மார்க்தான் வித்தியாசம் இருக்கலாம். ஆனால், ஒருவர் போட்டோ மட்டும் பேப்பரில் வரும். தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் இடங்களைப் பிடித்தவர்கள் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியபோது பல பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குக் காரணம், இந்த இரண்டாவது வகை அளவுகோல்தான்!

மூன்றாவது வகையில் இடைவெளிகள் சமம், ஆனால் பூஜ்யம் நாமாக வைத்தது. வெயில் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் 'இரண்டு மடங்கு சூடு' என்று சொல்ல முடியாது. நான்காவதில் பூஜ்யம் என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை. ஏக்கர், ரூபாய், கிலோ. இரண்டு கிலோ பால்கோவா, ஒரு கிலோவைப்போல இரண்டு மடங்கேதான்.

வறுமை, நம்பிக்கை, திருப்தி, பயம் ஆகியவை இதில் எந்த வகை? வம்பே அங்குதான் ஆரம்பிக்கிறது.

'பரவாயில்ல' என்றால் எத்தனை மார்க்?

'மிகவும் ஒத்துக்கொள்கிறேன்' என்பதில் தொடங்கி 'சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை' என்பது வரை ஐந்து கட்டங்கள். ஆன்லைனில் பொருள் வாங்கியவர்கள், ஆஸ்பத்திரியில் கருத்துப் படிவம் நிரப்பியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். இதற்கு முன்னோடி, 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய அளவுகோல். மனதில் இருப்பதை 1 முதல் 5 வரை எண்ணாக்கிவிடலாம் என்ற அந்த யோசனை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிச் சாப்பிடுபவரிடம் இந்தப் படிவத்தை நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. "எப்படி இருக்கு?" என்றால், ஒருவர் "பரவாயில்ல" என்பார். அது பாராட்டா, குறையா? சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். படிவத்தில் அதற்கு நடுக்கட்டம், மதிப்பு 3. இன்னொருவர், கேட்கிறவர் மனம் கோணக் கூடாது என்பதற்காகவே "நல்லாருக்கு" என்பார். அவருக்கு 4. ஆயிரம் பேரின் எண்களைக் கூட்டி, வகுத்து, 'சராசரித் திருப்தி 3.62' என்று எழுதும்போது, அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் மரியாதையும் தயக்கமும் காணாமல் போய்விடுகின்றன. பால்கோவா விஷயத்தில் இதனால் நஷ்டமில்லை. 'உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார்?' என்ற கேள்வியை, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மருமகளிடம் கேட்டால் என்ன பதில் வரும்?

அதனால் அளவுகோலுக்கும் இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருகிறதா என்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. ஒரு தராசு ஒவ்வொரு முறையும் சரியாக 50 கிராம் குறைத்தே காட்டினால், அது நம்பகமான தராசுதான். ஆனால், தவறான தராசு.

குடும்பத் தலைவர் யார்?

மருத்துவம், நர்ஸிங், சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கு 'குப்புசாமி ஸ்கேல்' என்றால் உடனே புரியும். உளவியலாளர் பி.குப்புசாமி 1976-ல் முன்வைத்த, நகர்ப்புறக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் அளவுகோல். படிப்புக்கு அதிகபட்சம் 7, வேலைக்கு 10, வருமானத்துக்கு 12. மொத்தம் 29. இதில் 26 அல்லது அதற்கு மேல் வந்தால் மேல்தட்டு, 5-க்குக் கீழே வந்தால் அடித்தட்டு. எளிமையாக இருப்பதால், அரை நூற்றாண்டு ஆகியும் புராஜெக்ட்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எளிமைக்கு விலை உண்டு. 1976-ல் போட்ட ரூபாய்க் கணக்கை வைத்தால் இன்று எல்லோருமே பணக்காரர்கள். அதனால், விலைவாசிக் குறியீட்டை வைத்து வருமானப் பிரிவுகளை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த அளவுகோல் கேட்டது 'குடும்பத் தலைவரின்' படிப்பையும் வேலையையும். பெரும்பாலான படிவங்களில் அந்த இடத்தில் எழுதப்படுவது ஆண் பெயர்தான். வேலைக்கே போகாத கணவர், பஞ்சாலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் மனைவி என்று ஒரு வீடு இருந்தால், அவள் வேலை அந்தக் கட்டத்துக்குள் வராது.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம், 'குடும்பத் தலைவி' என்ற சொல்லை நடுவில் வைத்தது. மாதம் 1,000 ரூபாய். கூடவே அதற்கென்று ஒரு அளவுகோலும் வந்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். சொந்தக் கார் இருக்கக் கூடாது.

உரிமைத்தொகைக்கும் கரன்ட் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று டீக்கடை தொடங்கி வாட்ஸ்அப் குரூப் வரை கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களைத் தவிர, மற்றவர்களின் வருமானத்தைச் சரிபார்க்க வழி குறைவு. பூ கட்டுகிறவர், கொத்தனார், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோருக்கும் மாதத்துக்கு மாதம் வரவு மாறும். எனவே, மறைக்க முடியாத, ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஒன்றை வருமானத்துக்குப் பதிலாக வைக்கிறார்கள். ஏ.சி, வாட்டர் ஹீட்டர் வைத்திருந்தால் மீட்டர் ஓடும், மீட்டர் ஓடினால் வசதி இருக்கும் என்பது ஊகம். உலகின் பல நாடுகளில் உதவித்திட்டங்களுக்கு இதுபோன்ற பதிலி அளவுகள்தான் பயன்படுகின்றன.

ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாத வீடுகளில்தான் பிரச்னை. ஒரே மீட்டரில் எட்டுப் பேர் வாழும் கூட்டுக்குடும்பத்தில் 3,600 யூனிட் என்றால் தலைக்கு 450. இரண்டே பேர் இருக்கும் வீட்டில் தலைக்கு 1,800. அளவுகோல் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். 3,590 யூனிட் வீட்டுக்கும் 3,610 யூனிட் வீட்டுக்கும் வாழ்க்கையில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஒரு ஃபேனைச் சில நாள்கள் கூடுதலாக ஓடவிட்டிருப்பார்கள். ஆனால், ஆண்டுக்கு 12,000 ரூபாய் வித்தியாசம்.

இந்தத் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். தொடக்கத்தில் தகுதி பெற்றவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். மீதி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களில் வசதியானவர்களும் இருப்பார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் தவறி விழுந்தவர்களும் இருப்பார்கள். தகுதியுள்ளவரை விட்டுவிடுவது ஒரு பிழை. தகுதியில்லாதவரைச் சேர்த்துவிடுவது இன்னொரு பிழை. கோட்டை இறுக்கினால் முதல் பிழை கூடும், தளர்த்தினால் இரண்டாவது கூடும். இரண்டையும் சேர்ந்தாற்போல் பூஜ்யமாக்கும் கோடு எந்தக் கணக்கிலும் கிடையாது. நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாள்களுக்குள் இ-சேவை மையம் மூலமாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அரசு வைத்த வழி, இந்த விஷயத்தில் 3,600 என்ற எண்ணைவிட முக்கியமானது. மீட்டர் சொல்லாததை அங்கேதான் ஒரு பெண் சொல்ல முடியும்.

கூட்டினால் போதுமா?

ஒற்றை அளவுக்கே இந்தப் பாடு என்றால், பலவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும்போது? முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களை 49 குறியீடுகளால் அளக்கிறார்கள். சுகாதாரம், ஊட்டச்சத்துக்கு 30 சதவிகிதம், கல்விக்கு 30, விவசாயம், நீர்வளத்துக்கு 20, வங்கிச்சேவை, திறன் பயிற்சிக்கு 10, சாலை, மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளுக்கு 10. இந்த 30-ம் 20-ம் இயற்கை விதி கிடையாது. உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

அந்த முடிவு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஒரு சின்ன கணக்கு. கற்பனையாக இரண்டு ஊர்கள். முதல் ஊருக்கு சுகாதாரத்தில் 80 மார்க், தண்ணீரில் 40. இரண்டாவது ஊருக்கு சுகாதாரத்தில் 50, தண்ணீரில் 75. சுகாதாரத்துக்கு 60 சதவிகிதம், தண்ணீருக்கு 40 என்று வைத்தால், முதல் ஊருக்கு 64, இரண்டாவதுக்கு 60. முதல் ஊர் முன்னே. இப்போது சதவிகிதத்தைத் திருப்பிப்போடுங்கள். முதல் ஊருக்கு 56, இரண்டாவதுக்கு 65. இரண்டு ஊரிலும் ஒரு குழாய்கூடப் புதிதாக வரவில்லை, ஒரு டாக்டர்கூட மாறவில்லை. ரேங்க் மட்டும் மாறிவிட்டது.

கூட்டுவதிலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஓர் ஊருக்குப் பள்ளிக்கூடத்தில் 90, குடிநீரில் 10 என்றால், சராசரி 50. இரண்டிலும் 50 வாங்கிய ஊருக்கும் சராசரி 50. இரண்டும் ஒன்றா? தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறவரிடம் கேட்டால் ஒன்றென்று சொல்ல மாட்டார். 1990-ல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னெடுப்பில், அமர்த்தியா சென் துணையோடு ஐ.நா. வெளியிட்ட மனித மேம்பாட்டுக் குறியீட்டிலும் இந்தச் சிக்கல் இருந்தது. 2010-ல் முறையை மாற்றினார்கள். கூட்டி வகுப்பதற்குப் பதிலாக, பெருக்கி மூலம் எடுப்பது. அப்படிச் செய்தால் 90-ம் 10-ம் வாங்கிய ஊருக்கு 30-தான் வரும், இரண்டிலும் 50 வாங்கிய ஊருக்கு 50. ஒன்றில் உள்ள ஓட்டையை இன்னொன்றால் முழுதாக அடைக்க முடியாது என்பதைக் கணக்கே ஒத்துக்கொள்கிறது.

2018 டிசம்பரில் விருதுநகர் முதலிடம் வாங்கியதும் இந்த வகைக் கணக்கில்தான். ஆனால், அதில் பார்த்தது உயரத்தை இல்லை, ஏறிய வேகத்தை. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாற்றம் மட்டுமே மதிப்பெண். 40 மார்க் வாங்கிய பையன் 60 வாங்கினால், 90-லிருந்து 92-க்குப் போனவனைவிட அவன் முன்னே. அதிகாரிகளை உற்சாகப்படுத்த நல்ல வழிதான். 'நாட்டிலேயே நம்பர் ஒன் மாவட்டம்' என்று அதை ஃபார்வர்ட் செய்தவர்கள்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

1916-ல் வந்த மாணவர்

மாற்றத்தை அளக்க ஐந்து மாதம் போதுமா என்று கேட்பவர்களுக்கு, இதே மாவட்டத்தில் இன்னொரு கதை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துக்காரர். புத்தகத்தை வைத்து இந்தியக் கிராமத்தைப் படிக்க முடியாது என்று, தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் கேள்விகள். 1918-ல் அது புத்தகமானது. அதில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று, சிவகாசி வட்டாரத்திலுள்ள வடமலைபுரம். அப்போது அது ராமநாதபுரம் மாவட்டம்.

அந்த ஆய்வின் அருமை, அதோடு நிற்காததுதான். பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் 1930-களில் அதே கிராமங்களுக்கு ஆள் அனுப்பி மறுபடி கணக்கெடுத்து, 1940-ல் வெளியிட்டார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காகப் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலைபுரத்தை மீண்டும் ஆய்வு செய்தார். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே கேள்விகள், எழுபது வருடங்கள். பக்கத்து ஊரோடு ஒப்பிட்டு ரேங்க் போடவில்லை; அந்த ஊரை அதன் பழைய நிலையோடே ஒப்பிட்டார்கள். 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்ற பெயரில் ஆய்வாளர்கள் இன்றும் இவற்றைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நாடு முழுக்க இந்த வேலையைச் செய்வது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கடைசியாக நடந்தது 2011-ல். உரிமைத்தொகையோ, ரேஷனோ, மாவட்டப் பட்டியலோ, இந்த ஆண்டுகளில் எந்த விகிதத்தைக் கணக்கிட்டாலும் வகுக்கும் எண் அந்தப் பழைய கணக்கிலிருந்தோ, அதை வைத்து நீட்டிய ஊகத்திலிருந்தோதான் வந்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். கணக்கெடுப்பாளர் கையில் காகிதத்துக்குப் பதில் போன் இருக்கும். சாதியும் கேட்கப்படும். ஸ்டீவன்ஸின் கணக்குப்படி அது முதல் வகை, வெறும் பெயர்தான். கூட்டவோ கழிக்கவோ எதுவுமில்லை. ஆனால், ஒரே சமூகத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர், ஒரே பெயரில் வேறு வேறு சமூகங்கள் என்று இருக்கும் நாட்டில், எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதுதான் மற்ற எல்லா அளவுகளையும்விடக் கடினமான வேலையாக இருக்கப்போகிறது.